தடம் விட்டுப் போவது

புஷ்வேக்கிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று எங்கள் மலையேற்றக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க ஓடியது. ‘புதர் பிளத்தல்’ என்றார் ஒருவர். இன்னொருவர் சங்கத்தமிழ் வாடை வீச ‘காடூடுதல்’ என்று போட்டார். அதற்கு நாலு ஹார்ட் விழுந்தது. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. மறுநாள் அடிவாரத்தில் நின்றபோது, எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பாறையோட தடம் முடிஞ்சிருதுங்க. அதுக்கு மேல தடம் விட்டுத்தான் போவணும்.”

தடம் விட்டுப் போவது. இருக்கிற தடத்தை விட்டு விலகுவது என்றும் எடுத்துக்கொள்ளலாம், போகிற இடத்தில் நம் தடத்தை விட்டுவிட்டு வருவது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் சொன்னது முதலாவது. அடுத்த இரண்டு வாரம் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டது இரண்டாவதைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். பெங்களூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள். இல்லைங்க, இது சேலத்துக்குக் கிழக்கே, சென்னை போற ரோட்டுல என்று விளக்க வேண்டியிருக்கும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமன் இங்கே தங்கினான், நாள் நெருங்கிவிட்டதால் பட்டாபிஷேகமே இங்கேதான் நடந்தது என்பது எங்கள் கோதண்டராமர் கோயிலின் தலக்கதை. அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு எங்கள் ஊரில்தான் கால் வலித்தது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பெருமை உண்டு. ஊரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை. இவற்றுக்கு நடுவில் பெயர் உள்ளதும் இல்லாததுமாகக் கரடுகள். பாறையும் முள்ளுமாகச் சமவெளியில் தனியாக எழும்பி நிற்பதை எங்கள் பக்கம் மலை என்று சொல்வதில்லை, கரடு என்போம். மலைக்குச் சாமியும் பஸ்ஸும் உண்டு. கரட்டுக்கு ஆடுதான்.

நாங்கள் ஏறியது அப்படி ஒரு கரடு. பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும். ஊர்த் தரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். கீழ்ப்பாதி புறம்போக்கு, மேல்பாதி காப்புக்காடு. வனச்சரக அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, பணம் கட்டி, ஒரு காவலரையும் துணைக்குப் பெற்றுத்தான் போனோம். பொங்கல் முடிந்த வாரம். பதினொரு பேர். ஏழு பேர் பெங்களூர் ஐடி, மூன்று பேர் சேலம். ஊர்க்காரன் நான் ஒருத்தன். அதனாலேயே எனக்கு வழி தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். முப்பது வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த கரடு அது. பார்த்தது மட்டும்தான்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்கு வைத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். வரைபடத்தில் எங்கள் வழி ஒரு பக்கம் 2.2 கிலோமீட்டர். நெய்ஸ்மித் கணக்குப்படி ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் உச்சியில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஐந்தேகால் மணி நேரம் ஆனது. ஓரிடத்தில் நாற்பது நிமிடத்தில் இருநூறு மீட்டர் போனோம். அதிலும் அறுபது மீட்டர் பக்கவாட்டில்.

வரைபடம் பொய் சொல்வதில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும், அவ்வளவுதான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கு நடுவில் 12 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கலாம், தாளில் தெரியாது. மொபைல் செயலிகளில் வரும் உயரக் கோடுகள் பலவற்றுக்கு மூலம் 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் ரேடார் வைத்து எடுத்த அளவுகள். அதில் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண். அந்தச் சதுரத்துக்குள் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு புளியமரம் மூன்றும் அடங்கும். செயலியில் வழவழவென்று சாய்ந்திருந்த சரிவு, நேரில் போனபோது மூன்று மாடி உயரப் பாறையாக எங்களைப் பார்த்தது.

பிறகு முள். எங்கள் தொழிலில் ‘ஹில் கிளைம்பிங்’ என்றே ஓர் அல்காரிதம் உண்டு. நிற்கிற இடத்திலிருந்து எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் ஓர் அடி வை, திரும்பவும் அதையே செய், எந்தப் பக்கமும் உயரமாக இல்லாதபோது நில். அந்த அல்காரிதத்தை எழுதியவர்கள் யாரும் இண்டஞ்செடிக்குள் போனதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். இண்டு, சூரை, தொரட்டி மூன்றுக்கும் முள் கொக்கிபோல் பின்னோக்கி வளைந்திருக்கும். உள்ளே நுழையும்போது வழிவிடும். மேலே போக இழுத்தால் பிடிக்கும். இன்னும் இழுத்தால் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். எங்களில் ஒருவர் புது ரெயின்ஜாக்கெட்டோடு வந்திருந்தார். முதல் அரைமணி நேரத்திலேயே அது தோரணமாகிவிட்டது. காவலர் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்: “இழுக்காதீங்க சார். ஒரு அடி பின்னால வாங்க. அதுவே உட்ரும்.” நிஜமாகவே விட்டுவிடும். அந்த நாள் முழுக்க நாங்கள் செய்தது ஓர் அடி பின்னால் வருவதுதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே உண்ணிச்செடி. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, பஸ் ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்குமே, அதேதான். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையை நாடு முழுக்கப் போட்டன. இலை கால்நடைக்கு விஷம், அதனால் ஆடு மாடு தொடாது. மரம் கிடைத்தால் மரத்தின் மேல் ஏறும், இல்லாவிட்டால் தன் மேலேயே ஏறிக்கொள்ளும். உள்ளே தவழ்ந்துதான் போக முடிந்தது. தவழும்போது மண்ணில் ஒன்றைக் கவனித்தேன். உண்ணிக்கு அடியில், இரண்டு அடி அகலத்துக்கு, கற்கள் ஓரமாக ஒதுக்கப்பட்ட ஒரு வரி. சரிவு செங்குத்தாகிற இடத்தில் அந்த வரி தானாகவே வளைந்து திரும்பியது. தண்ணீர் ஓடிய தடமாக இருந்தால் நேராகக் கீழே இறங்கியிருக்கும். இது ஆள் நடந்த வரி.

காவலரிடம் காட்டினேன். “வெறகுத் தடம்” என்றார். “பொம்பளைங்க போறது. இருவது வருசம் ஆச்சு, எவ போறா இப்ப?”

எங்கள் அம்மாயி போனாள்.

வீட்டில் யாரும் மறைத்த விஷயமில்லை இது, ஆனால் யாரும் எடுத்துப் பேசியதும் இல்லை. தாத்தா போன பிறகு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிணற்று வேலை இல்லாத நாட்களில் அம்மாயி கரட்டுக்கு விறகுக்குப் போவாள். விடியக்காலம் ஏறி, பத்து மணிக்குள் இறங்கி, கட்டைத் தலையில் வைத்து அம்மாபேட்டை வரைக்கும் நடப்பாள். தறிக்காரர்கள் வீடுகளில் விறகு வாங்குவார்கள். திரும்பி வரும்போது அரிசி. காப்புக்காட்டில் விறகு வெட்டுவது 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தின்படி குற்றம். இன்றும் பெயர் மாறி அதே சட்டம்தான். அம்மாயிக்கு ஆண்டும் பிரிவும் தெரியாது. கார்டு தெரியும். கார்டு பிடித்தால் கொடுவாளைப் பிடுங்கிக்கொள்வான், கட்டை அங்கேயே இறக்கிவிடச் சொல்வான். “ரெண்டு தடவ கொடுவா போச்சு கண்ணு. வெறகு போனாக்கூடப் பரவால்ல. கொடுவா புதுசு வாங்கணும்ல?” என்று ஒரு முறை சொன்னாள். அதற்கு மேல் கேட்டபோது எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதே கரட்டில்தான் அவள் பேரன் கடிதம் கொடுத்து, ரசீது வாங்கி, வழிகாட்ட ஒரு காவலரையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். என் பையில் மடக்குகிற கைக்கோல் இரண்டு இருந்தன. அவற்றின் விலை எத்தனை கொடுவாளுக்குச் சமம் என்று தவழ்ந்துகொண்டே கணக்குப் போட்டேன். விடை நல்ல எண்ணாக வரவில்லை.

இதை வைத்துக் காவலர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. எங்களோடு வந்தவரின் அம்மாவும் விறகுக்குப் போனவர்தான், அவரே சொன்னார். தடம் எல்லாம் அவருக்கு அம்மா பின்னால் போய்த் தெரிந்ததாம். கேஸ் அடுப்பு வந்தது, நூறு நாள் வேலை வந்தது, ஆடு குறைந்தது. நடக்க ஆள் இல்லாத தடத்தை உண்ணி மூடியது. பாதையில்லாத சிகரம் என்று நாங்கள் போஸ்டர் போட்டோமே, அது பிறவியிலேயே பாதையில்லாத இடம் கிடையாது. பாதை செத்துப்போன இடம்.

பத்தரை மணி வாக்கில் புதர் முடிந்து புல்சரிவு வந்தது. இடுப்புயரப் புல், அடியில் இன்னும் பச்சை, நுனியில் மஞ்சள். முள் போய்விட்ட சந்தோஷத்தில் எல்லோரும் பரவி நடந்தோம். அப்போதுதான் வாடை வந்தது. புகை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 2018 மார்ச் 11 தமிழ்நாட்டில் மலையேறுகிற யாருக்கும் மனப்பாடம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் போன இரண்டு குழுக்கள் தேனி மாவட்டம் குரங்கணியில் இதே மாதிரி ஒரு புல்சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எங்கள் வயது. எங்களைப் போலவே வாரக்கடைசியில் வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் 2018-லேயே அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று ஏற்றத்தை நிறுத்துவதும் இதனால்தான்.

புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சுவாலை மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது, பகலில் சரிவுக் காற்றும் மேல்நோக்கி அடிக்கிறது. அதனால் உச்சியைப் பார்த்து ஓடுவதுதான் ஆகக் கெட்ட யோசனை. ஆனால் பயந்த உடம்புக்கு அதுதான் முதலில் தோன்றும். எங்களிலும் இரண்டு பேர் மேலே ஓட ஆரம்பித்தார்கள். காவலர் அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். இடது பக்கம் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு மொட்டைப்பாறை. “எல்லாரும் அதுமேல ஏறி உக்காருங்க. பேசாதீங்க.” அவர் ஒரு பிடி புல்லைப் பிய்த்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். பிறகு போன் எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

அந்தப் பாறையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் பாறை சுட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டு ஞாபகம், சாமி ஞாபகம் எதுவும் வரவில்லை. இந்தப் பாறையில் அம்மாயி விறகுக்கட்டை இறக்கி வைத்திருப்பாளா என்று மட்டும் ஓடியது. போன் வந்தது. “கீழ கரும்புத் தோகை எரிக்கிறாங்க. வாடை அதுதான். வாங்க போலாம்” என்றார், டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி.

உச்சி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் வந்தது பொய் உச்சி. நான் சொன்ன அல்காரிதம் நின்றுபோகும் இடம் அதுதான்: சுற்றிலும் எல்லாம் தாழ்வு, ஆனால் உண்மையான உயரம் எதிரே நூறு மீட்டர் தள்ளி. இறங்கித்தான் ஏற வேண்டும். ஏறினோம். மேலே மூன்று கல், மஞ்சள் பூசிய தடயம், துருப்பிடித்த ஒரு வேல். ‘நாங்கள்தான் முதல்’ என்று வீடியோவுக்கு ஒத்திகை பார்த்து வந்தவர் மொபைலைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்தது.

மேற்கே சேலம் கலங்கலாக. நகரத்துக்கு அப்பால் மேக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளைத் திட்டுகள். வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தது அந்த வெள்ளையைப் பார்த்துத்தான். கீழே சேகோ ஆலைகளின் களங்கள் ஜவ்வரிசி காய்ந்து சதுரம் சதுரமாக மின்னின. விருத்தாசலம் ரயில் பாதை. மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் போகிற அரூர் ரோடு. காவலர் கையை நீட்டி, “எட்டு வழிச்சாலை இப்படித்தான் வர்றதா இருந்துச்சு” என்று காற்றில் ஒரு கோடு இழுத்தார். 2018-இல் அந்தக் கோட்டுக்காகத்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வயலுக்குள் கல் நட்டார்கள், கிழவிகள் கல்லைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிப்பு வெளியிட்டுத் தொடரலாம் என்றது. மேலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு சுலபமாகத்தான் தெரிகிறது. தென்னந்தோப்பு எல்லாம் பச்சைப் புள்ளி.

தென்மேற்கில் போதமலை இருக்கிற திசையை நான் காட்டினேன். ராசிபுரத்துக்கு மேலே கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். அண்மையில் சாலை வேலை தொடங்கும்வரை அந்த மக்களுக்கு வண்டி போகும் வழி கிடையாது. தேர்தல் என்றால் வாக்கு இயந்திரம் ஆள் தலையில் ஏறும். பிரசவ வலி என்றால் தூளி கட்டி இறக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் மட்டும் அந்தப் படம் எல்லா பேப்பரிலும் வரும். பாதை இல்லாத இடத்தைத் தேடி நாங்கள் இருநூறு கிலோமீட்டர் வந்தோம். பாதை வேண்டும் என்று அவர்கள் எத்தனை தேர்தல் கேட்டார்கள். யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை, நானும் பதிலுக்காகச் சொல்லவில்லை.

சண்டை அடுத்த வாரம் வந்தது. என் கைக்கடிகாரத்தில் வழி முழுவதும் பதிவாகியிருந்தது. ஜிபிஎக்ஸ் கோப்பு, அறுநூறு கேபி. அதைப் பொதுவில் ஏற்றலாமா கூடாதா? ஏற்றலாம் என்றவர்களின் வாதம் லேசானதில்லை. அடுத்த குழு அந்தச் செங்குத்துப் பாறையில் மாட்டாமல் சுற்றிப் போகும், மொட்டைப்பாறை எங்கே என்று முன்பே தெரிந்திருக்கும், வழி தெரிந்தால் உயிர் பிழைக்கும். ஏற்றக் கூடாது என்பவர்களுக்கு ரீல்ஸ் பயம். ஒருவர் அமெரிக்காவில் ஆறு வருடம் இருந்தவர், அடிரோண்டாக் மலைகளில் நடந்திருக்கிறார். அங்கே பட்டியலில் இருக்கிற 46 சிகரங்களில் 20-க்கு அதிகாரப்பூர்வமாகப் பாதை கிடையாது. ஆனால் பட்டியலை முடிக்க வருகிறவர்களின் காலாலேயே அவற்றிலும் தடம் விழுந்துவிட்டது. அதை அங்கே ‘ஹெர்டு பாத்’ என்கிறார்களாம். மந்தைத் தடம். ஆட்டு மந்தை இல்லை, நம்ம மந்தை என்றார்.

முடிவை வாக்கெடுப்பு தரவில்லை. ஊருக்குப் போன ஒரு நாள் காவலர் அண்ணனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “நெட்டுல போடாதீங்க சார். எனக்குக் குடுங்க. தீ வந்தா வேற பீட்லேர்ந்து ஆள் அனுப்புவாங்க, அவங்களுக்குக் கரடு தெரியாது. நான் ஒருத்தன் எத்தன பேருக்கு முன்னால ஓடறது?” ஏ3 தாளில் பெரிதாக அச்செடுத்து, மொட்டைப்பாறையைச் சிவப்பில் வட்டமிட்டு, லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். போனிலும் ஏற்றிக்கொடுத்தேன். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

அன்று இரவு அம்மாயியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஓடிய நீலக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். எங்கள் கோவில், ரயில்வே கேட், களம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். களத்தைக் கண்டுபிடித்ததும் மீதி அவளுக்கே புரிந்துவிட்டது.

“எதுக்குடா இப்படிச் சுத்தி ஏறுனீங்க? கெழக்கால போயிருந்தா நெழலாப் போயிருக்கலாம். பாதி வழியில சுனை இருக்கும். எம்புட்டு வெயிலுக்கும் வத்தாது.”

“எங்க அம்மாயி? காட்டு.”

ஆள்காட்டி விரலை வைத்தாள். காப்புக் காய்த்த விரல். திரை அதை விரல் என்று ஒப்புக்கொள்ள இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டதும் ஒரேயடியாகச் சறுக்கி, கரடு திரையை விட்டே போய்விட்டது. நான் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த முறை தொடாமல், ஒரு அங்குலம் மேலே காற்றில் விரலை நிறுத்திக்கொண்டு, கிழக்குச் சரிவில் கீழிருந்து மேலாக, வளைகிற இடத்தில் வளைந்து, மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். பாதியில் நின்றாள்.

“இங்க. கொடுவாள இந்தக் கல்லுக்கு அடியிலதான் ஒளிச்சு வெப்போம்.”